விசரன் செய்த வேலை

தொண்ணூற்றேழு படி.
நடுவில் இரண்டு தரம் இறக்கி வைத்து
மூச்சு வாங்கிப் பெட்டியைக் கொண்டுவந்தார்
பல் மருத்துவர் கெஸீனா வோர்த்மான்.
பழஞ்சந்தையில் வாங்கியதாம்.
குரல் நல்லது, ஆனால்
"உள்ளே ஒரு குளவிக்கூடு இருக்கிறது."

வூப்பர்டாலில் எந்த வீடும்
இன்னொரு வீட்டின் தலைக்கு மேல்.
என் பட்டறை சன்னலுக்கு வெகு கீழே ஆறு,
ஆற்றுக்கு மேலே
தொங்கிக்கொண்டே வேலைக்குப் போகும் ரயில்.

பின்பலகையைக் கழற்றினேன்.
முதல் விதி: இடது கை காற்சட்டைப் பைக்குள்.
ஒரு கையால் தொட்டால் சுடும்.
இரு கையால் தொட்டால் நெஞ்சுக்குள்ளால் போகும்.
பிளக்கைப் பிடுங்கிய பிறகும்
கப்பாசிட்டர் கொடுக்காது, வைத்திருக்கும்,
கைபட்டால் ஒரேயடியாய்க் கொடுக்கும்.
நானூற்று அறுபது வோல்ட்.
ரெசிஸ்டரைக் கவ்வவிட்டு
முள் இறங்கும்வரை தேத்தண்ணி குடித்தேன்.
முந்நூறு. நூற்றிருபது. பதினொன்று.
இனித் தொடலாம்.

பிறகுதான் பார்த்தேன்.
எந்த விசரன் செய்த வேலை இது?
ஹீட்டர் கம்பியை முறுக்காமல்
கிரிட் கம்பிக்குப் பக்கத்தில் கிடத்தியிருக்கிறான்,
வழக்காடும் இருவரை ஒரே பாயில் கிடத்தியதுபோல்.
எர்த் மூன்று இடத்தில்,
மூன்றும் ஒன்றையொன்று சந்தேகிக்கின்றன.
இன்னும் முழங்கட்டும் என்று ஒரு வால்வை இடையில் செருகி,
அதற்கொரு குமிழ் வேண்டுமென்று
அறுபதுகளின் பொன்னிற முகப்பில்,
கடவுளே,
துளை போட்டிருக்கிறான்.
ஈயம் வைத்ததோ
காகம் எச்சமிட்டதுபோல்.

காலை முழுக்கத் திட்டினேன்.
ஜெர்மன் போதாமல் தமிழில் திட்டினேன்.
இவனெல்லாம் தேத்தண்ணிக் கேத்திலையும்
தொடக்கூடாது என்றேன்.

மத்தியானம் உட்பலகையைத் தூக்கினேன்.
அடியில் பழுத்துப்போன காகித நாடா.
நீலப் பேனா.
தமிழ்.

"இது தற்காலிகம். நாளை ஒழுங்காகச் செய்."

நாளையின் ஐகாரத்துக்கு
இப்படி வாலை நீட்டும் பழக்கம்
இந்த ஊரில் ஒருவருக்குத்தான்.

தேதியும் இருந்தது. பதினாலு வருசம்.
ஒரு வெள்ளிக்கிழமை, இரவுக் கச்சேரி,
மெலிந்த பொடியன் ஒருவன், தெருவில்
எஞ்சின் அணையாமல் கார்...
அல்லது அது வேறு பெட்டியா?

கொஞ்ச நேரம் ரயிலைப் பார்த்தேன்.
நாளை வந்திருந்தது,
தொண்ணூற்றேழு படி ஏறி.

கம்பிகளைக் கயிறு திரிப்பதுபோல் முறுக்கினேன்.
எர்த்தை ஒரே புள்ளிக்குக் கொண்டுவந்தேன்.
செருகிய வால்வை எடுத்துவிட்டு
பழைய வரைபடத்தின்படி பற்றவைத்தேன்.
எங்கள் பேச்சில்
ரேடியோவையும் திருத்துவோம், ஆளையும் திருத்துவோம்.
ரேடியோ திருந்தும்.
துளையைத்தான் ஒன்றும் செய்ய முடியவில்லை.
குமிழை அங்கேயே விட்டேன்,
பின்னால் ஒரு கம்பியும் இல்லாமல்.
நாடாவைக் கிழிக்கவில்லை.
எழுத இடமிருந்தது,
எழுதவில்லை.

சனிக்கிழமை வந்தார்.
"யார் இதைக் கெடுத்து வைத்தது?"
"யாரோ அவசரக்காரர்," என்றேன்.
பில்லில் மூன்று மணித்தியாலம் குறைந்தது ஏன் என்றார்.
"படிக்கு," என்றேன்.
எந்தப் படி என்று அவர் கேட்கவில்லை.
குமிழைப் பற்றிச் சொல்லத்தான் வாயெடுத்தேன்,
அதற்குள் கித்தாரைச் செருகிவிட்டார்.

குளவி இல்லை.
சன்னல் கண்ணாடி நடுங்க ஒரு ஈ மேஜர்,
அது அடங்கும்வரை யாரும் மூச்சுவிடவில்லை.
பிறகு குனிந்து
அந்தக் குமிழைத்தான் திருகினார்,
ஏழிலிருந்து நாலுக்கு, மெல்ல,
கடைவாய்ப் பல்லைத் தட்டிப் பார்க்கும் கவனத்தோடு.
கண்ணை மூடினார்.
"இங்கேதான்," என்றார்,
"இந்த இடத்தில் எவ்வளவு இதமாயிருக்கிறது, கேட்கிறதா?"

கேட்கிறது என்றேன்,
இடது கை பைக்குள்.